இரட்டை நீலம்: பிஷப் ஆக்லாந்து கால்பந்துப் பயணக் குறிப்புகள்

வெள்ளி: டார்லிங்டனிலிருந்து கிளை ரயிலில்

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து டார்லிங்டனுக்கு விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். அங்கே இறங்கிக் கிளைப் பாதை ரயிலுக்கு மாற வேண்டும். நார்த் ரோடு, ஹெயிங்டன், நியூட்டன் எய்க்லிஃப், ஷில்டன் என்று நின்று நின்று, அரை மணிக்குள், வடகிழக்கு இங்கிலாந்தில் டர்ஹம் மாவட்டத்துச் சுரங்க ஊரான பிஷப் ஆக்லாந்தில் பாதை முடிந்துவிடும். ஷில்டன் வரையிலான தடத்தின் பெரும்பகுதி 1825-ல் திறந்த ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில்பாதையின் வழி. நிலக்கரியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட தடம் அது. இந்த ஊர்களின் கால்பந்தும் அதே நிலக்கரியின் மேல்தான் எழுந்தது. அதனால் பேருந்தைவிட ரயிலில் வந்து சேர்வதே பொருத்தம்.

வண்டிகள் அடிக்கடி கிடையாது. டார்லிங்டனில் இணைப்பைத் தவறவிட்டால் நெடுநேரம் நடைமேடையில் உட்கார நேரும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வருபவர்கள் வெள்ளி இரவே ஊருக்குள் வந்துவிடுவது நல்லது.

இங்கிலாந்தில் பிரீமியர் லீக்கும் அதன் கீழுள்ள மூன்று இ.எஃப்.எல். (இங்கிலீஷ் ஃபுட்பால் லீக்) பிரிவுகளும் சேர்ந்து 92 கழகங்கள். அவற்றுக்குக் கீழே உள்ளதெல்லாம் நான்-லீக். அது ஒரே தளம் அன்று, பல படிகள் கொண்ட ஏணி. முதல் படியில் நேஷனல் லீக், இரண்டாவதில் அதன் வடக்கு, தெற்குப் பிரிவுகள். மூன்றாம், நான்காம் படிகளில் நார்தர்ன் பிரீமியர், சதர்ன், இஸ்த்மியன் லீக்குகள். ஐந்தாம், ஆறாம் படிகளில் வட்டார லீக்குகள். டர்ஹம் மாவட்டத்தின் வட்டார லீக், 1889-ல் தொடங்கிய நார்தர்ன் லீக். உலகில் இன்றும் நடக்கும் கால்பந்து லீக்குகளில் இதைவிடப் பழையது இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக் ஒன்றுதான். அந்த நார்தர்ன் லீக்கை 19 முறை வென்ற கழகம் பிஷப் ஆக்லாந்து. வேறு எந்தக் கழகமும் அந்த எண்ணிக்கையை நெருங்கவில்லை.

ஊரின் சந்தைத் திடலின் ஒரு முனையில் ஆக்லாந்து கோட்டையின் வாயில். நூற்றாண்டுகளாக டர்ஹம் பேராயர்களின் இருப்பிடமாக இருந்தது. 1879 முதல் 1889 வரை பேராயராக இருந்த ஜோசப் லைட்ஃபுட், ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து முடித்த இளைஞர்களை இங்கே தங்கவைத்து இறைப்பணிக்குப் பயிற்றுவித்தார். அவர்கள் கையோடு கொண்டுவந்தது கால்பந்து. ஊரின் சர்ச் நிறுவனக் கழகத்திலிருந்து பிரிந்தவர்கள் 1886-ல் தொடங்கிய அணியே இன்றைய பிஷப் ஆக்லாந்து. சட்டையில் இன்றும் இரண்டு நீலங்கள். அடர்நீலம் ஆக்ஸ்ஃபோர்டுக்கு, வெளிர்நீலம் கேம்பிரிட்ஜுக்கு. ஊர் அந்த அணியை அழைக்கும் செல்லப்பெயரும் 'இரு நீலங்கள்' என்பதே. பாதிரி மாணவர்கள் தொடங்கினார்கள், சுரங்கத் தொழிலாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் எடுத்து நடத்தினார்கள்.

சனி: கிங்ஸ்வே காலையில், ஹெரிட்டேஜ் பார்க் மாலையில்

ஆட்டம் பிற்பகல் மூன்றுக்கு, கழகத்தின் இன்றைய மைதானமான ஹெரிட்டேஜ் பார்க்கில். காலையில் பழைய மைதானமான கிங்ஸ்வேக்குப் போய்விட்டு வாருங்கள். கடைத்தெருவிலிருந்து சில நிமிட நடை. இங்கே கிரிக்கெட் கழகமும் கால்பந்துக் கழகமும் ஒரே திடலைப் பகிர்ந்துகொண்டன. கால்பந்து எல்லைக்கோட்டின் ஒரு பக்கம் கிரிக்கெட் புல்வெளியைப் பார்த்து இருந்ததால் அங்கே நிரந்தரப் பார்வையாளர் மேடை கட்ட வழியில்லை. எஞ்சிய மூன்று பக்கங்களில்தான் கூட்டம் நிற்கும். அந்த மூன்று பக்கங்களிலிருந்து இங்கிலாந்தின் மிகப் பெரிய அமெச்சூர் (ஊதியம் வாங்காத வீரர்களின்) அணி எழுந்தது என்பதை இன்றைய புல்வெளியைப் பார்த்து நம்புவது கடினம்.

கணக்கைச் சொல்லிவிடலாம். எஃப்.ஏ. (ஆங்கிலேயக் கால்பந்துச் சங்கம்) நடத்திய அமெச்சூர் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குப் பிஷப் ஆக்லாந்து 18 முறை போனது, 10 முறை வென்றது: 1896, 1900, 1914, 1921, 1922, 1935, 1939, 1955, 1956, 1957. கடைசி மூன்றும் அடுத்தடுத்து வந்தவை. 1939-ல் வில்லிங்டனை 3-0 என்று வென்ற அணியில் இருபது வயது பாப் பெய்ஸ்லி ஆடினார். பின்னாளில் லிவர்பூலுக்கு மூன்று ஐரோப்பியக் கோப்பைகளை வாங்கித் தந்த அதே மேலாளர். ஹெட்டன்-லி-ஹோல் என்ற சுரங்க ஊரின் பையன்.

தோற்ற இறுதி ஆட்டங்களில் ஒன்று தனித்துச் சொல்லத் தக்கது. 1951-ல் வெம்ப்ளியில் ஒரு லட்சம் பேர் முன்னால் 2-1 என்று பெகாசஸிடம் தோற்றார்கள். பெகாசஸ் யார் என்றால், 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் வீரர்களைச் சேர்த்து அமைத்த அணி. அந்த இரு பல்கலைக்கழகங்களின் நிறத்தை அறுபது ஆண்டுக்கும் மேலாகச் சட்டையில் சுமந்த சுரங்க ஊர், அதே பல்கலைக்கழகங்களிடம் கோப்பையைப் பறிகொடுத்தது.

ஐம்பதுகளின் அந்த அணியில் பாப் ஹார்டிஸ்டி நடுக்களத்தின் மூளை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் மேட் பஸ்பி பயிற்றுவித்த பிரிட்டிஷ் அணியில் ஆடியவர். கோல் காத்த ஹாரி ஷாரட் பள்ளி ஆசிரியர். முன்வரிசையில் ஷேமஸ் ஓ'கானல், கார்லைலின் மாட்டு வணிகர். அமெச்சூராக இருந்தபடியே செல்சிக்கும் ஆடினார். 1954 அக்டோபரில் செல்சிக்கான முதல் ஆட்டத்திலேயே மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். ஆட்டம் 6-5 என்று யுனைடெட்டுக்குப் போனாலும், அந்தப் பருவத்தில் செல்சி தன் முதல் லீக் பட்டத்தை வென்றது. அதே 1954-55 பருவத்தில் பிஷப் ஆக்லாந்து, தொழில்முறைக் கழகங்களும் ஆடும் எஃப்.ஏ. கோப்பையில் கிறிஸ்டல் பேலஸை அவர்கள் மைதானத்திலேயே 4-2 என்று வீழ்த்தியது. இப்ஸ்விச்சில் 2-2 என்று சமன் செய்து, கிங்ஸ்வேயில் நடந்த மறு ஆட்டத்தில் 3-0 என்று வென்றது. நான்காம் சுற்றில் யார்க் சிட்டி வந்து 3-1 என்று முடித்துவைத்தது. அந்த யார்க் அணி அரையிறுதி வரை போனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1958 பிப்ரவரி 6-ல் மியூனிக்கில் மான்செஸ்டர் யுனைடெட்டின் விமானம் விழுந்தது. எட்டு வீரர்கள் இறந்தார்கள், பலர் காயத்துடன் கிடந்தார்கள். முதன்மை அணிக்கு ஆள் வேண்டி இளைஞர்களையெல்லாம் மேலே ஏற்ற, ரிசர்வ் அணி காலியானது. அந்த இடத்தை நிரப்ப மூன்று பேர் இந்தச் சிற்றூர்க் கழகத்திலிருந்து போனார்கள்: ஹார்டிஸ்டி, டெரிக் லூயின், வாரன் பிராட்லி. ஹார்டிஸ்டி அப்போது ஓய்வு பெற்றுவிட்டவர். பஸ்பியோடு இருந்த பழைய உறவுக்காக மீண்டும் பூட்ஸ் கட்டினார். பள்ளி ஆசிரியரான பிராட்லி யுனைடெட்டிலேயே தங்கி, 1959-ல் இங்கிலாந்துக்காக மூன்று ஆட்டங்கள் ஆடி இரண்டு கோல் போட்டார். 1996-ல் பிஷப் ஆக்லாந்து பண நெருக்கடியில் விழுந்தபோது யுனைடெட் வந்து நட்பு ஆட்டம் ஆடிக் கைகொடுத்தது. கால்பந்தில் நன்றி என்ற சொல்லுக்கு இதைவிட நேரான உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

இனி கசப்பான பகுதி. 2000-களின் தொடக்கத்தில் கழகம் கிங்ஸ்வேயை விட்டு வெளியேறியது. புதிய மைதானம் நெடுநாள் எழவில்லை. ஷில்டன், வெஸ்ட் ஆக்லாந்து என்று அக்கம்பக்கத்து மைதானங்களில் வாடகைக்கு ஆடித்தான் ஆண்டுகளை ஓட்டியது. 2010 அக்டோபரில்தான் டிண்டேல் கிரெசன்ட் பக்கம் ஹெரிட்டேஜ் பார்க் திறந்தது.

வாடகை மைதானத்தில் ஆடுவது ஒரு கழகத்தை எப்படி அரிக்கும் என்று புரிந்தால்தான் இந்த ஊரின் கதை புரியும். சிறு கழகத்துக்கு நுழைவுச்சீட்டு மட்டும் வருமானம் அன்று. மதுக்கூடம், தேநீர்க் கடை, மைதானத்தைச் சுற்றிய விளம்பரப் பலகைகள், வார நாளில் கழக மண்டபத்தைக் கல்யாணம், பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடுவது என எல்லாம் சேர்ந்தால்தான் வண்டி ஓடும். வேறொருவர் மைதானத்தில் ஆடினால் இவை அத்தனையும் வீட்டுக்காரருக்குப் போகும். மேலே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வாடகை. சொந்த ஊரிலிருந்து நடந்து வந்தவர்கள் பேருந்து ஏறி வரமாட்டார்கள். முதியவர்கள் முதலில் நிற்பார்கள், அவர்கள் கையைப் பிடித்து வந்த பேரப்பிள்ளைகள் பிறகு நிற்பார்கள். ஒரு தலைமுறை விட்டுப்போனால் அடுத்ததைப் பிடிப்பது எளிதன்று. பிஷப் ஆக்லாந்து அந்த ஆண்டுகளில்தான் நார்தர்ன் பிரீமியர் லீக்கிலிருந்து வட்டார லீக்குக்கு இறங்கியது. பத்துக் கோப்பைகள் இருந்தும் சொந்த நிலம் இல்லாத கழகம் எவ்வளவு விரைவாகச் சரியும் என்பதற்கு இதுவே சான்று.

ஹெரிட்டேஜ் பார்க்குக்கு ரயில் நிலையத்திலிருந்து நடக்கலாம், அரை மணிக்குச் சற்றுக் கூட ஆகும். வழி நெடுகக் கார் விற்பனைக் கூடங்களும் பெருங்கடைகளும். நடந்து வரும் கூட்டத்தைவிடக் காரில் வரும் கூட்டத்துக்கு ஏற்ற இடம். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் கொள்ளும். அதில் இருக்கைகள் ஒரு சிறு பகுதி மட்டுமே, மற்றவர்கள் நின்று பார்க்க வேண்டும்.

முதல்முறை வருபவர்களுக்குச் சில நடைமுறைகள். நுழைவுக் கட்டணம் பத்து பவுண்டை ஒட்டி இருக்கும். அட்டை வாங்குவார்கள் என்றாலும் சில்லறை கையில் இருக்கட்டும், லாட்டரிச் சீட்டும் தேநீரும் நாணயத்தில்தான் விரைவாக நகரும். மேல் ஐந்து அடுக்குக் கழகங்களில் களம் தெரியும் இடத்தில் மது குடிக்கச் சட்டம் தடை விதிக்கிறது. இந்தப் படியில் அந்தத் தடை இல்லை, பிளாஸ்டிக் குவளையோடு கோட்டருகே நிற்கலாம். பெரும்பாலான ஆட்டங்களில் இரு அணி ரசிகர்களையும் பிரித்து வைப்பதில்லை. இடைவேளையில் தத்தம் அணி எந்தக் கோலை நோக்கித் தாக்குமோ அந்தப் பக்கத்துக்கு எல்லோரும் நடந்து மாறுவார்கள். நீங்களும் மாறுங்கள். ஆட்டக்காரர்கள் கத்துவதும் பயிற்சியாளர் திட்டுவதும் தெளிவாகக் கேட்கும். தொலைக்காட்சியில் கிடைக்காதது அதுதான்.

ஞாயிறு: வெஸ்ட் ஆக்லாந்தில் தேயிலைக் கோப்பை

ஞாயிறு ஆட்டம் கிடையாது, பேருந்தும் குறைவு. பிஷப் ஆக்லாந்திலிருந்து தென்மேற்கே ஐந்து கிலோமீட்டருக்குள் வெஸ்ட் ஆக்லாந்து. நடந்தே வந்துவிடலாம். ஊர் நடுவே நீண்ட பசும்புல் திடல். அங்கே 2013-ல் வைத்த சிலை, 1909-ல் இவ்வூர் வென்ற கோப்பைக்கு நினைவு.

கோப்பையைக் கொடுத்தவர் சர் தாமஸ் லிப்டன். கிளாஸ்கோவில் மளிகைக் கடையில் தொடங்கியவர். 1890-ல் இலங்கைக்குப் போய்த் தேயிலைத் தோட்டங்களை வாங்கினார், ஹப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னை அவற்றில் புகழ்பெற்றது. இத்தாலியின் டூரினில் நடந்த பன்னாட்டுப் போட்டிக்கு அவர் வெள்ளிக்கோப்பை அளித்தார். இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து அணிகள் வந்தன. ஆங்கிலேயக் கால்பந்துச் சங்கம் அணி அனுப்ப மறுத்ததால், இங்கிலாந்தின் பெயரில் போய் நின்றது இந்தச் சுரங்கக் கிராமம். ஏன் இவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு: 'டபிள்யூ.ஏ.' என்ற முதலெழுத்துகளைப் பார்த்து வுல்விச் ஆர்சனலுக்குப் போக வேண்டிய அழைப்பு வழிமாறி வந்தது என்பார்கள். ஆதாரம் யாரும் காட்டியதில்லை. எங்களுக்கு அது பின்னால் சேர்த்த அலங்காரமாகத்தான் படுகிறது.

உறுதியான பகுதி அதைவிடப் பெரியது. சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் தங்கள் செலவைத் தாங்களே திரட்டிக்கொண்டு டூரின் போனார்கள். ஸ்டுட்கார்ட் அணியை 2-0, இறுதியில் விண்டர்தூரை 2-0. 1911-ல் மறுபடி போனார்கள். சூரிச்சை 2-0 என்று வென்று, இறுதியில் யுவென்டஸை 6-1 என்று நொறுக்கினார்கள். இரண்டு முறை வென்றதால் கோப்பை நிரந்தரமாக அவர்களுக்கே. உருகுவேயில் முதல் உலகக் கோப்பை நடப்பதற்கு 21 ஆண்டுகள் முன்பே உலகக் கோப்பை வென்றவர்கள் என்று ஊர் தன்னைச் சொல்லிக்கொள்வது இதை வைத்துத்தான்.

திரும்பி வந்தபோது கழகம் கடனில் மூழ்கியிருந்தது. வென்ற கோப்பையையே ஊர் விடுதி நடத்திய பெண்மணியிடம் 40 பவுண்டுக்கு ஈடாகக் கொடுத்தார்கள். 1960-ல் 100 பவுண்டு கொடுத்து மீட்டார்கள். தொழிலாளர் மன்றத்தில் வைத்திருந்த அசல் கோப்பையை 1994 ஜனவரியில் திருடினார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. நகல் ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள். பார்க்க விரும்பினால் முன்கூட்டியே கேட்டு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள், அருங்காட்சியகம் போல எந்நேரமும் திறந்திருக்கும் இடம் அன்று.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கோப்பையில் ஒரு பங்கு உண்டு. லிப்டனின் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்கள் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களிலிருந்து மன்னார் வழியாக நடந்து மலையேறிய குடும்பங்கள். தோட்டத்தில் பட்ட கடனை எழுதிய 'துண்டு' இல்லாமல் அவர்கள் வேறு தோட்டத்துக்கு மாற முடியாத காலம் அது. அந்த முறை 1921 வரை நீடித்தது. தேயிலை தந்த செல்வத்தில் ஒரு துளி, டூரின் வழியாக வெள்ளிக்கோப்பையாக டர்ஹம் சுரங்கக்காரர்கள் கைக்கு வந்து, அங்கேயும் கடனுக்கே ஈடாகப் போனது. இந்தப் புல்திடலில் நிற்கும் சிலைக்குக் கீழே அந்தக் கொழுந்து கிள்ளியவர்களுக்கும் ஒரு வரி இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

வெஸ்ட் ஆக்லாந்து அதற்குப் பிறகும் பெரிய மேடைக்கு வந்தது. 1961-ல் அமெச்சூர் கோப்பை இறுதியில் வால்தம்ஸ்டோ அவென்யூவிடம் 2-1 என்று தோற்றது. 2012-லும் 2014-லும் கீழ்ப்படிக் கழகங்களுக்கான எஃப்.ஏ. வேஸ் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியது.

திங்கள்: குரூக், அமெச்சூர் என்ற பெயருக்குள்ளே

பிஷப் ஆக்லாந்திலிருந்து வடமேற்கே பேருந்தில் அரை மணிக்குள் குரூக். மில்ஃபீல்டு மைதானத்தின் வெளிச்சுவரையாவது பார்த்துவிட்டுப் போங்கள். குரூக் டவுன் ஐந்து முறை அமெச்சூர் கோப்பை வென்ற கழகம்: 1901, 1954, 1959, 1962, 1964. இந்த ஊர்க்காரர் ஜாக் கிரீன்வெல் 1909-ல் வெஸ்ட் ஆக்லாந்துக்கு விருந்தாளி வீரராக டூரின் போனார். பிறகு பார்சலோனாவில் ஆடி, 1917 முதல் அதே கழகத்தின் பயிற்சியாளராக ஆண்டுக்கணக்கில் இருந்தார். 1939-ல் பெரு நாட்டுக்குத் தென்னமெரிக்கப் பட்டத்தை வாங்கித் தந்தார். அந்த உறவால்தான் பார்சலோனாவும் குரூக்கும் பலமுறை மோதின.

1954 அமெச்சூர் கோப்பை இறுதி ஆட்டம் குரூக்குக்கும் பிஷப் ஆக்லாந்துக்கும் இடையில். இரண்டுக்கும் இடைவெளி ஒன்பது கிலோமீட்டருக்குள்தான். வெம்ப்ளியில் ஒரு லட்சம் பேர் பார்க்க 2-2. நியூகாசில் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் மறு ஆட்டம், மறுபடி 2-2. மிடில்ஸ்பரோவின் எயர்சம் பார்க்கில் மூன்றாவது ஆட்டம், குரூக் 1-0. மூன்று ஆட்டங்களையும் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். ஊதியம் வாங்காத வீரர்களின் ஆட்டத்துக்கு இத்தனை கூட்டம்!

ஊதியம் வாங்காத என்றால், ஏட்டில். இதைத் திறந்து பேச வேண்டும். நுழைவுச்சீட்டுப் பணம் குவிந்தது, விதியோ வீரருக்குப் பயணச் செலவைத் தவிர ஒரு காசும் தரக் கூடாது என்றது. நல்ல வீரரைப் பக்கத்து ஊர் இழுத்துக்கொள்ளாமல் தடுக்க ஒரே வழி, ஆட்டம் முடிந்து குளித்து வரும்போது பூட்ஸுக்குள் சில நோட்டுகள் கிடப்பது. இல்லாத ஊரிலிருந்து வந்ததாகப் பயணச் செலவு எழுதுவது இன்னொரு வழி. 1920-களின் இறுதியில் டர்ஹம் கால்பந்துச் சங்கம் குரூக்கை இந்தக் குற்றத்துக்காக இடைநீக்கம் செய்தது. மற்றவர்களின் கணக்குப் புத்தகங்களையும் திறந்து பாருங்கள் என்று குரூக் பதிலுக்குக் கேட்க, விசாரணை வட்டாரம் முழுக்கப் பரவி, நூற்றுக்கணக்கான வீரர்கள் தண்டனைக்கு உள்ளானார்கள். இதற்காக வீரர்களைப் பழிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. வாரம் முழுக்க நிலத்துக்கடியில் இருந்தவர், சனிக்கிழமை ஆயிரக்கணக்கானோரை மகிழ்விப்பதற்குக் கூலி வாங்கியது தவறு என்றால், அந்த விதியை எழுதியவர்கள் கூலி தேவைப்படாதவர்கள்.

1974-ல் எஃப்.ஏ. அமெச்சூர், தொழில்முறை என்ற பாகுபாட்டையே எடுத்துவிட்டது. அமெச்சூர் கோப்பையும் அதோடு முடிந்தது. விதி நேர்மையாயிற்று. ஆனால் இந்த ஊர்களுக்குத் தெரிந்த ஒரே தேசிய மேடை போய்விட்டது. நிலத்தடியிலும் அதற்கு முன்பே அடி விழுந்திருந்தது. மேற்கு டர்ஹத்தின் சுரங்கங்கள் அறுபதுகளில் ஒவ்வொன்றாக மூடின. மாவட்ட நிர்வாகம் 1951 திட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களை 'டி' வகையில் போட்டு, அங்கே புதிய முதலீடு வேண்டாம், தானாகக் கரையட்டும் என்று முடிவு செய்தது. பிஷப் ஆக்லாந்துக்கு மேற்கே உள்ள விட்டன் பார்க் அந்தப் பட்டியலில் இருந்த ஊர். சம்பளமும் மக்களும் போன பிறகு மைதானத்தில் யார் நிற்பார்கள்?

செவ்வாய்: டோ லாவில் இரவு ஆட்டம்

குரூக்கிலிருந்து வடமேற்கே மலையேறினால் டோ லா. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரம். 1840-களில் சார்ல்ஸ் ஆட்வுட் இரும்பாலை அமைத்ததால் உருவான ஊர், மைதானத்தின் பெயரும் அயர்ன்வொர்க்ஸ் கிரவுண்ட். 1967-ல் லீக் கழகமான மான்ஸ்ஃபீல்டை எஃப்.ஏ. கோப்பையில் 5-1 என்று இங்கே அடித்தார்கள். 1980-ல் கிறிஸ் வாடில் இங்கிருந்துதான் 1,000 பவுண்டுக்கு நியூகாசில் யுனைடெட் போனார். பத்தாண்டுக்குள் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை அரையிறுதி ஆடினார். 1998-ல் வேஸ் இறுதியில் வெம்ப்ளிக்குப் போய் டிவர்டனிடம் 1-0 என்று தோற்றார்கள்.

குளிர்தான் இங்கே முதல் எதிரி. ஏப்ரலிலும் கையுறை, காதை மூடும் தொப்பி, காற்றுப் புகாத மேலங்கி வேண்டும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பயணத்தை ஒரே ஓர் ஆட்டத்தை நம்பித் திட்டமிடாதீர்கள். ஆட்டம் தள்ளிப்போகும் காரணங்கள் மூன்று. ஒன்று, உறைபனி: மேல்மண் கெட்டித்து பூட்ஸின் ஸ்டட் இறங்காவிட்டால் வீரர் வழுக்கி மூட்டு முறியும், நடுவர் அனுமதிக்க மாட்டார். இரண்டு, நீர்: களிமண் நிலத்தில் மழைநீர் வடியாது. நடுவர் பந்தைக் கையிலிருந்து விட்டுப் பார்ப்பார், துள்ளாமல் அப்படியே நின்றால் ஆட்டம் இல்லை. கோல் முன்பகுதிதான் முதலில் சேறாகும், அங்கே மிதிபட்டு மண் இறுகி நீர்ப் பாதைகள் அடைந்துவிடுவதால். மணல் நிரப்பிய குறுகிய வாய்க்கால்களைக் களத்தின் குறுக்கே வெட்டுவது நல்ல தீர்வு, ஆனால் செலவு பெரிது. மூன்று, மூடுபனி: இங்கே மேகமே இறங்கிவிடும்.

சனிக்கிழமை ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காலையிலேயே களப் பரிசோதனை நடக்கும். கழகத்தின் சமூக ஊடகப் பக்கத்தைப் பத்து மணிக்கு மேல் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மலையில் ஆட்டம் இல்லையென்றால் கீழே இறங்குங்கள். ஷில்டன், நியூட்டன் எய்க்லிஃப் போன்ற ஊர்கள் தாழ்வானவை, அங்கே ஆட வாய்ப்பு அதிகம். செயற்கைப் புல் போட்ட மைதானங்களையும் முன்கூட்டியே குறித்துவைத்திருங்கள்.

இவ்வளவு திறமையிருந்தும் இந்த வட்டாரக் கழகங்கள் ஏன் மேலே ஏறவில்லை என்ற கேள்வி வரும். பதிலில் பெரும்பங்கு நார்தர்ன் லீக்கின் பிடிவாதம். 1979-ல் தேசிய அளவிலான அலையன்ஸ் பிரீமியர் லீக் அமைந்து ஏணி உருவானபோது இவர்கள் தனித்து நின்றார்கள். நாமே உயர்ந்தவர்கள், எதற்கு ஏணி என்ற எண்ணம். பிஷப் ஆக்லாந்து 1988-ல் பிரிந்து நார்தர்ன் பிரீமியர் லீக்குக்குப் போனது. நார்தர்ன் லீக் பின்னர் ஏணிக்குள் வந்தபோது நடுப்படியைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகும் பல சாம்பியன்கள் ஏற மறுத்தார்கள். அதற்குக் காரணம் பணம். இங்கே பெரும்பாலான எதிரணிகள் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில். ஒரு படி ஏறினால் யார்க்ஷயர், லிங்கன்ஷயர் வரை பேருந்து பிடிக்க வேண்டும். செவ்வாய் இரவு ஆட்டமென்றால் வேலைக்குப் போகும் வீரர்கள் பிற்பகலே விடுப்பெடுக்க வேண்டும், நள்ளிரவுக்கு மேல் வீடு திரும்ப வேண்டும். பக்கத்து ஊர் அணியோடு ஆடினால் வரும் கூட்டம், தொலைதூர அணியோடு ஆடினால் வராது. மைதானத் தர விதிகள் வேறு: ஆடுகளத்தின் சரிவு 41 மீட்டருக்கு ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது, எல்லைக்கோட்டிலிருந்து தடுப்புக் கம்பி குறைந்தது 1.83 மீட்டர் தள்ளி நாற்புறமும் இருக்க வேண்டும், கூரையிட்ட இருக்கைகள், ஃப்ளட்லைட்டின் வெளிச்ச அளவு எல்லாம் படிக்குப் படி கூடும். மலைச்சரிவில் கட்டிய மைதானத்துக்கும் கிரிக்கெட்டோடு பகிர்ந்த மைதானத்துக்கும் இவை எட்டாதவை. அதனால் இங்கே மீந்த திறமை ஐந்தாம், ஆறாம் படிக் கழகங்களுக்கான வேஸ் கோப்பையில் கொட்டியது. விட்லி பே 2009, 2010, 2011 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றது, அதற்கடுத்த இரண்டு ஆண்டும் டன்ஸ்டனும் ஸ்பென்னிமோரும் வென்றார்கள். இன்று ஏறுவதை மறுக்க விதிகள் அவ்வளவு எளிதாக இடம் தருவதில்லை. நாங்கள் அதை வரவேற்கிறோம். ஆனால் பயணச் செலவில் ஒரு பங்கை மேலுள்ள பணக்கார லீக்குகள் ஏற்றால்தான் இந்த விதி நியாயமாகும்.

இரவு ஆட்டம் ஏழரை அல்லது ஏழே முக்காலுக்குத் தொடங்கி ஒன்பதரைக்குப் பக்கத்தில் முடியும். மலையிலிருந்து இறங்கும் கடைசிப் பேருந்தையும், பிஷப் ஆக்லாந்திலிருந்து டார்லிங்டன் போகும் கடைசி ரயிலையும் காலையிலேயே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் ஆட்டம் முடிவதற்கு முன்பே போய்விடும் நாட்கள் உண்டு. அப்படியானால் குரூக்கிலோ பிஷப் ஆக்லாந்திலோ ஒரு டாக்ஸியை முன்பதிவு செய்துவிட்டு மலையேறுங்கள். டோ லாவில் தெருவில் நின்று கைகாட்டி வண்டி பிடிக்க முடியாது. மைதானத்துக்குள் நுழைந்ததும் முதலில் தேநீர்க் கடைக்குப் போய் இறைச்சி அடைத்த 'பை' பலகாரத்தையோ சூப்பையோ வாங்கிவிடுங்கள், குளிர் இரவில் இடைவேளைக்குள் தீர்ந்துவிடும்.